மு.வ.வின் தற்கல்வியும் தனித்துப் படிப்போர்க்கான உரைநடையும்: பாலாற்றுத் தோல் தொழில் வட்டாரப் பின்புலத்தில் ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரி வாயிலை மாணவராக மிதிக்காமல் தமிழ் கற்று, பேராசிரியராகவும் துணைவேந்தராகவும் உயர்ந்தவர் மு.வரதராசனார் (1912–1974). அவரது வாழ்வு பெரும்பாலும் தனிமனித விடாமுயற்சிக்குச் சான்றாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. அம்முயற்சியைத் தாங்கிநின்ற புறத்துணைகள் எவை, தற்கல்வி அனுபவம் அவரது எழுத்து வடிவங்களில் எவ்வாறு படிந்துள்ளது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. மு.வ.வின் தெளிவுரை, கடித இலக்கியம், வாழ்க்கை வரலாறு, மொழியியல் அறிமுக நூல்கள், புதினம் ஆகியன ஆசிரியரின்றிப் படிப்பவருக்கு ஆசிரியராக நிற்கும் நோக்குடையன என்றும், அவர்தம் புதினங்கள் மீது வைக்கப்படும் ‘அறிவுரை மிகுதி’ என்னும் குற்றச்சாட்டு இப்பின்னணியில் மறுபரிசீலனைக்கு உரியது என்றும் கட்டுரை வாதிடுகிறது. அந்நோக்கின் எல்லைகளும் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மு.வரதராசனார், தற்கல்வி, வித்துவான் தேர்வு, அகல் விளக்கு, கடித இலக்கியம், வட ஆர்க்காடு.

முன்னுரை

வறுமை, நோய், வாய்ப்பின்மை ஆகியவற்றை வாசிப்பால் வென்றவர்களின் வரலாறுகள் பள்ளிப் பாடநூல்களிலும் மேடைகளிலும் தொடர்ந்து சொல்லப்பட்டு வருகின்றன. இவ்வரலாறுகள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைகின்றன. தடை ஒன்று வரும், மனவுறுதி அதனை வெல்லும், உயர்வு கிட்டும். இவ்வாய்பாடு ஊக்கம் தருவது உண்மையே. ஆயினும் அதன் மறுபக்கம் கவனிக்கப்படுவதில்லை. முயன்றவர் எல்லாம் வெல்வர் என்றால், வெல்லாதவர் முயலாதவர் என்னும் முடிவு சொல்லப்படாமலே உடன்வருகிறது. முதல் தலைமுறையாகக் கல்வி பெறுவோர் மிகுந்துள்ள வட்டாரங்களில் இம்முடிவு சிறு பிழையன்று. படிப்பை இடையில் விட்டவர்மீது சுமத்தப்படும் பழியாக அது மாறுகிறது.

இவ்வகை வரலாறுகளுள் தமிழுலகில் மிகுதியும் அறியப்பட்டது மு.வ.வின் வரலாறு. அதனை அதன் நிலத்திலும் காலத்திலும் வைத்துப் படிப்பதும், அவ்வனுபவத்தின் தடங்களை அவர் எழுத்துகளில் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. பாலாற்று நிலமும் கல்வி வாய்ப்பும்

பழைய வட ஆர்க்காடு மாவட்டம் இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எனப் பிரிந்து கிடக்கிறது. இவற்றுள் பாலாற்றை ஒட்டிய வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களும் அருகிலுள்ள பேரணாம்பட்டும் தோல் பதனிடும் தொழிலால் அறியப்பட்டவை. ஆவாரம்பட்டை கொண்டு பதப்படுத்தப்பட்ட தோல்கள் இப்பகுதியிலிருந்து கடல்கடந்து சென்றன. வணிகத்தில் முஸ்லிம் வணிகர்கள் முன்னின்றனர். ஊறவைத்தல், சுண்ணாம்பிடுதல், சதை நீக்குதல் போன்ற கடும் பணிகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பெரும்பங்கு வகித்தனர். தொழிற்சாலைக் கழிவுகளால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்ட வரலாறு, 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் அளித்த தீர்ப்பால் நாடறிந்ததாயிற்று.

கல்வி நிறுவனங்கள் இவ்வட்டாரத்தில் முற்றிலும் இல்லாதிருக்கவில்லை. வேலூரில் ஊரிசுக் கல்லூரி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றியது. வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் நிறுவப்பெற்றது. எனவே மு.வ.வின் இளமைக்காலச் சிக்கல் கல்லூரியின் தொலைவு மட்டுமன்று. கல்லூரி அருகிருந்தும் அதனுள் நுழைய இயலாமையே அக்காலத்து இளைஞர் பலரின் நிலை. பள்ளியிறுதித் தேர்வு முடித்தவுடன் ஓர் எழுத்தர் பணி கிடைத்தால் அதுவே பெரும்பேறு என்று கருதப்பட்ட காலம் அது.

2. எழுத்தர் மேசையிலிருந்து வித்துவான் தேர்வு வரை

மு.வ. 1912 ஏப்ரல் 25-இல் பிறந்தார். இட்ட பெயர் திருவேங்கடம். நிலைத்த பெயர் பாட்டனாரின் பெயரான வரதராசன். வாலாசாவை அடுத்த வேலம் என்னும் சிற்றூர்ச் சூழலில் வளர்ந்து, திருப்பத்தூரில் உயர்நிலைக் கல்வி பெற்றார். 1928-இல் பள்ளிப் படிப்பு முடிந்தது. பின்னர்த் திருப்பத்தூர்த் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் பணியில் அமர்ந்தார். உடல்நலக் குறைவால் அப்பணியைத் தொடர இயலவில்லை. ஓய்வுக்காக ஊர் திரும்பிய அக்காலமே அவர்தம் தமிழ்க் கல்வியின் காலமாயிற்று.

திருப்பத்தூர் முருகைய முதலியாரிடம் தமிழ் பயின்ற மு.வ., எக்கல்லூரியிலும் சேராமல் தாமே படித்து 1935-இல் வித்துவான் தேர்வை எழுதினார். மாநிலத்தில் முதல்வராகத் தேறியமைக்காகத் திருப்பனந்தாள் மடம் வழங்கிய 1000 ரூபாய்ப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் திருப்பத்தூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியரானார். பணியில் இருந்தபடியே 1939-இல் பி.ஓ.எல். பட்டம் பெற்றுச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளரானார். 1944-இல் தமிழ் வினைச்சொற்களின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி ஆராய்ந்து எம்.ஓ.எல். பட்டமும், 1948-இல் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டமும் பெற்றார்.

பள்ளியிறுதி வகுப்புக்கும் முனைவர் பட்டத்திற்கும் இடைப்பட்டவை இருபது ஆண்டுகள். இவ்விருபது ஆண்டுகளில் அவர் எழுத்தராகவும் நோயாளியாகவும் பள்ளியாசிரியராகவும் கல்லூரி ஆசிரியராகவும் இருந்தார். முழுநேரக் கல்லூரி மாணவராக இருக்கவில்லை. மேலும், தமிழைத் தாமே கற்ற ஒருவர் சங்க இலக்கியம் பற்றிய தம் ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதி அளித்தார் என்பதும் கருதத்தக்கது. தற்கல்வி அவருக்கு ஒரு துறையோடு நின்றுவிடவில்லை.

3. தற்கல்வியின் துணைகள்

மேற்கண்ட வரலாற்றை நுணுகி நோக்கின், ‘தாமே படித்தார்’ என்னும் தொடருக்குள் நான்கு துணைகள் அடங்கியிருத்தல் புலனாகும்.

முதலாவது, தேர்வு முறை. வித்துவான் தேர்வை வகுப்பில் அமராத தனித்தேர்வரும் எழுத முடிந்தது. கற்றதைச் சான்றாக்கும் வாயில் ஒன்று திறந்திருந்தமையால்தான் அறையில் தனித்திருந்து பெற்ற புலமை வேலைவாய்ப்பாக மாறிற்று. அவ்வாயில் இல்லையெனில் மு.வ. ஊரறிந்த தமிழறிஞராக நின்றிருக்கக்கூடும், பள்ளியாசிரியராகியிருப்பது அரிது.

இரண்டாவது, உள்ளூர் ஆசிரியர். தற்கல்வி பெற்றோர் வரலாறுகளில் எளிதில் பின்தள்ளப்படுபவர் இவரே. முருகைய முதலியார் பல்கலைக்கழகம் அமர்த்திய ஆசிரியர் அல்லர். ஆயினும் ஐயம் நேர்ந்தபோது அணுகத்தக்க ஒருவர் அதே ஊரில் இருந்தார்.

மூன்றாவது, பரிசு. 1935-இல் 1000 ரூபாய் என்பது ஒரு தொடக்கநிலை ஆசிரியரின் பல மாத ஊதியத்திற்கு மேற்பட்ட தொகை. சைவ மடமொன்றின் தமிழ்ப் புரவலர் மரபு, நவீனத் தேர்வு முறையோடு இணைந்த இடம் இது.

நான்காவது, ஓய்வு. நோய் தந்த ஓய்வு துன்பமே எனினும், உழைக்காமல் சில காலம் உண்ணக்கூடிய குடும்பச் சூழல் இருந்தாலன்றி அவ்வோய்வு படிப்பாக மாறியிருக்க இயலாது. நோயுற்றால் அன்றைய கூலி இழப்பவருக்கு நோய் நூலகமாவதில்லை.

இத்துணைகளைச் சுட்டுவதால் மு.வ.வின் உழைப்பு குறைவுபடாது. துணை பெற்றவர் அனைவரும் மாநில முதல்வராகிவிடவில்லை. எனினும் உழைப்பு பயன்தரத் தேவையான சூழலைத் தனியே பிரித்துக் காண இது உதவுகிறது. மு.வ.வும் இதனை உணர்ந்திருந்தார் என்பதற்கு அவர் எழுதத் தேர்ந்த நூல்வகைகளே சான்று.

4. வாழ்க்கை வரலாறுகளின் தேர்வு

காந்தியடிகள், பெர்னார்ட் ஷா, தாகூர், திரு.வி.க. ஆகிய நால்வரைப் பற்றி மு.வ. தனி நூல்கள் எழுதினார். இத்தேர்வு பொதுவாக அவர்தம் கொள்கைச் சார்பின் வெளிப்பாடாகவே கொள்ளப்படுகிறது. அதனுள் பிறிதோர் ஒற்றுமையும் உண்டு. நால்வருள் மூவர் முறைசார் கல்வியை முடிக்காதவர்கள்.

ஷா பதினைந்து வயதளவில் பள்ளியை விட்டு டப்ளினில் ஒரு நில முகவர் அலுவலகத்தில் எழுத்தரானார். 1876-இல் இலண்டன் சென்றபின் பிரித்தானிய அருங்காட்சியகப் படிப்பறையே அவருக்குப் பல்கலைக்கழகமாயிற்று. தாகூர் பள்ளியை வெறுத்து விலகியவர். இங்கிலாந்து சென்றும் பட்டம் பெறாமல் திரும்பியவர். திரு.வி.க.வின் பள்ளிப் படிப்பு இடையில் நின்றது, யாழ்ப்பாணம் நா.கதிரைவேற்பிள்ளையிடம் தமிழ் பயின்ற அவர், ஸ்பென்சர் நிறுவனத்தில் சிலகாலம் பணிபுரிந்தார்.

அலுவலக மேசையில் தொடங்கிய இருவரையும், பட்டமின்றிப் பெரும்புலமை எய்திய ஒருவரையும் திருப்பத்தூர்த் தாலுகா அலுவலகத்து முன்னாள் எழுத்தர் தம் நூல்களுக்குப் பொருளாகக் கொண்டமை தற்செயல் என்று தள்ளத்தக்கதன்று. தம் வாழ்வை நேரடியாக எழுதாமலே, தம்மைப் போன்றோர்க்கு முன்மாதிரிகளை வழங்க அவருக்கு இந்நூல்கள் உதவின எனக் கருதலாம். திரு.வி.க.வின் சிறு தொடர் நடை மு.வ.வின் உரைநடையில் தெளிவாகக் கேட்பதும் இங்கு நினைக்கத்தக்கது. அந்த நடை இதழாசிரியராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கிய ஒருவர் பொதுமக்களிடம் பேசிப் பேசி உருவாக்கிய நடையாகும்.

5. ஆசிரியர் இடத்தில் நூல்

1949-இல் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் வெளியிட்ட ‘திருக்குறள் தெளிவுரை’ மு.வ.வின் நூல்களுள் மிகப் பரவலாகச் சென்றடைந்தது. பரிமேலழகர் உரையைத் தாமே படிக்க முயல்பவர் எதிர்கொள்ளும் இடர்கள் பல. உரைக்கே உரை தேவைப்படும். இலக்கணக் குறிப்பு விளங்காது. வடநூற் கருத்துகளுக்கு விளக்கம் வேண்டும். இவற்றை விளக்க அருகில் ஓர் ஆசிரியர் இருத்தல் வேண்டும். தெளிவுரை அத்தேவையை நீக்கியது. சட்டைப்பைக்குள் அடங்கும் அளவில், குறளுக்கு ஓரிரு தொடர்களில் பொருள் தந்து நிற்கும் அதன் அமைப்பு, பேருந்திலும் வேலையிடைவேளையிலும் படிக்கத்தக்கது. புலமையாளர் நோக்கில் அது விரிவற்ற உரை. தனித்துப் படிப்பவர் நோக்கில் அது முழுமையான உதவி.

‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘அன்னைக்கு’, ‘நண்பர்க்கு’ ஆகிய கடித நூல்களும் இத்தகையனவே. கடிதம் என்பது இருவருக்கிடையே நிகழும் வகுப்பு. ‘தம்பிக்கு’ நூலில் வளவன் எழிலுக்கு எழுதும்போது, படிப்பவர் எழிலின் இடத்தில் அமர்கிறார். குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்த இளைஞனுக்கு வழிகாட்டப் படித்த அண்ணன் இல்லை. அவ்வண்ணனை அச்சில் வழங்கியது இந்நூல். நல்லவனாக இருப்பது மட்டும் போதாது, வல்லமையும் வேண்டும் என அதில் வற்புறுத்தப்படும் கருத்து, ஒழுக்க அறிவுரை என்பதைவிட உலகியல் எச்சரிக்கையாகவே ஒலிக்கிறது. படிப்பும் பண்பும் இருந்தும் உலகின் போக்கறியாமல் ஏமாற்றப்படும் முதல் தலைமுறைக் கல்வியாளர்க்கு அவ்வெச்சரிக்கையின் பொருள் எளிதில் விளங்கும்.

மொழியியல் துறையிலும் இவ்வணுகுமுறை தொடர்கிறது. ‘மொழியின் கதை’, ‘எழுத்தின் கதை’, ‘சொல்லின் கதை’ என்னும் தலைப்புகளே படிப்பவர் யார் என்பதைக் காட்டிவிடுகின்றன. ‘மொழி நூல்’, ‘மொழி வரலாறு’ ஆகியவற்றை மாணவர்க்கு எழுதியவர், மாணவரல்லாதார்க்கும் அதே துறையைக் கதையாகச் சொல்ல முனைந்தார்.

6. ‘அகல் விளக்கு’: திறனும் நிலைப்பும்

1961-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘அகல் விளக்கு’ புதினம், மு.வ.வின் இளமை நிலமான வாலாசாவில் தொடங்குகிறது. வேலய்யன் தன்கூற்றில் கதையைச் சொல்கிறான். அவன் நண்பன் சந்திரன் அழகும் அறிவும் மிக்கவன், வகுப்பில் முதல்வன். வேலய்யன் நடுத்தர அறிவினன்; அவன் முன்னேற்றம் மெதுவானது. சென்னைக் கல்லூரி வாழ்வில் சந்திரன் தடுமாறி, படிப்பை இழந்து, வாழ்வு சிதைந்து, தொழுநோய்க்கு ஆளாகி இறக்கிறான். வேலய்யன் படித்து, வேலை பெற்று, குடும்பமாக நிலைகொள்கிறான். பேரொளியாகத் தோன்றி அவிந்துபோகும் வாழ்வுக்கும், சிற்றொளியாக நின்று எரியும் வாழ்வுக்கும் இடையிலான ஒப்பீடே புதினத்தின் தலைப்பு.

இப்புதினத்தின் மீது கூறப்படும் குறைகள் இரண்டு. பாத்திரங்கள் கருத்துகளின் உருவங்களாக நிற்கின்றன என்பது ஒன்று. இடையிடையே கட்டுரைபோல் அறிவுரை நீள்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. சந்திரனின் வீழ்ச்சிக்குத் தண்டனைபோல் தொழுநோயை அமைத்தது, நோயையும் ஒழுக்கத்தையும் இணைக்கும் பழைய மனப்போக்கின் எச்சம் என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆயினும் இப்புதினம் கல்வி பற்றிய ஒரு பொதுநம்பிக்கையை எதிர்க்கிறது. தற்கல்வி வரலாறுகள் எப்போதும் பேராற்றல் உடையவரைப் பற்றியே சொல்லப்படுகின்றன. அவற்றைப் படிக்கும் சராசரி மாணவன் தன்னை அவற்றில் காண்பதில்லை. மு.வ. தாம் மாநில முதல்வராகத் தேறியவர். அவர் தம் கதைசொல்லியாகச் சந்திரனைத் தேர்ந்திருக்கலாம். தேர்ந்ததோ வேலய்யனை. முதல் மதிப்பெண் பெறாதவன் கதை சொல்ல, முதல் மதிப்பெண் பெற்றவன் சொல்லப்படும் பொருளாகிறான். கல்வியால் உய்வது அரிய திறனாளருக்கே உரியது என்னும் எண்ணத்தை இவ்வமைப்பு மாற்றுகிறது. நீளும் அறிவுரைகளும் இவ்விடத்தில் வேறு பொருள் பெறுகின்றன. அவை கலை நோக்கில் தொய்வு. எனினும் உரையாட ஆளின்றித் தனியே படிப்பவனுக்கு, கதை நிகழ்வை நிறுத்தி ‘இதனை இவ்வாறு எண்ணிப்பார்’ என்று சொல்லும் குரல், திருப்பத்தூரில் ஐயம் தீர்க்க ஓர் ஆசிரியர் இருந்ததற்கு ஈடானது. குறை குறையாகவே நிற்க, அது எதற்காக நேர்ந்தது என்பது இவ்வாறு விளங்குகிறது.

7. எல்லைகள்

மு.வ.வின் இந்நோக்கிற்குத் தெளிவான எல்லைகள் உள்ளன. நூல் ஆசிரியராக வேண்டுமெனில் படிப்பவர் முன்பே எழுத்தறிந்தவராக இருத்தல் வேண்டும். மாலையில் ஒரு மணி நேரமும் ஒரு விளக்கும் அவருக்கு வாய்த்தல் வேண்டும். அவர் வளர்ந்த வட்டாரத்தின் தோல் ஆலைகளில் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்றோருக்கு இவை எளிதில் கிட்டவில்லை. மு.வ.வின் புகழ்பெற்ற புதினங்கள் எதற்கும் அவ்வாலை வாழ்வு மையப்பொருளாகவில்லை. நடைபாதையில் வரையும் ஓவியனைக் ‘கரித்துண்டு’ புதினத்தில் பரிவோடு படைத்த அவர் பார்வை, தம் சொந்த மாவட்டத்துத் தோல் தொழிலாளரிடம் அவ்வாறு நிலைக்கவில்லை. சாதியும் தொழிலும் பள்ளிக்கு வெளியே நிறுத்தியவர்களின் வாழ்வு தமிழ்ப் புனைவில் உள்ளிருந்து எழுதப்படப் பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவன் போன்றோர் வரவேண்டியிருந்தது. நிலமிழந்த தலித் குடும்ப வரலாற்றைச் சொல்லும் அவருடைய ‘தகப்பன்கொடி’யை ‘அகல் விளக்கு’க்கு அருகில் வைத்துப் படித்தால், ஒரே மாவட்டத்தில் கல்விக்கு இருந்த இருவேறு தொலைவுகள் தெரியவரும்.

திருக்குறள் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்திருப்பது இங்குக் கருதத்தக்கது. கற்க வாய்க்காதவரும் கேட்டறியலாம் என்பது வள்ளுவர் திறந்த வாயில். மு.வ.வின் திட்டம் கல்வியோடு நின்றது. கேள்வியின் பக்கம், அதாவது கூட்டாகப் படித்தலும் உரக்கப் படித்துக் காட்டலும் ஆகிய வழிகளின் பக்கம், அது அதிகம் செல்லவில்லை.

எனினும் நிறுவன நிலையில் வாயில்கள் விரிந்தன. மு.வ. முனைவர் பட்டம் பெற்ற 1948-இல்தான் சென்னைப் பொது நூலகச் சட்டமும் நிறைவேறியது. இந்தியாவில் ஒரு மாகாண அரசு இயற்றிய இத்தகைய சட்டங்களுள் அது முன்னோடி, எஸ்.ஆர்.ரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னிருந்தது. 1971-இல் மு.வ. மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். அப்பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வியும் அவ்வாண்டிலேயே தொடங்கியது. தனித்தேர்வராகத் தேறிய ஒருவர் தலைமையேற்ற காலத்தில், வேலை செய்துகொண்டே பட்டம் பெறும் வழி ஆயிரக்கணக்கானோர்க்குத் திறந்தது. 1935-இல் ஒருவருக்குப் பயன்பட்ட வாயில் பலருக்குரிய பெருவாயிலாக விரிந்ததன் ஒரு கட்டம் இது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. மு.வ.வின் தற்கல்வி தனிமுயற்சியாலும், அம்முயற்சிக்கு இடந்தந்த தனித்தேர்வர் முறை, உள்ளூர் ஆசிரியர், மடத்துப் பரிசு, குடும்பம் தாங்கிய ஓய்வு ஆகியவற்றாலும் நிறைவேறியது. தமக்குக் கிட்டிய இத்துணைகளைப் பிறர்க்கு நூல்வடிவில் வழங்குவதையே அவர் தம் எழுத்துப் பணியாகக் கொண்டார். தெளிவுரையும் கடிதமும் ‘கதை’களும் புதினமும் இந்நோக்கில் ஒரே பணியின் கூறுகளாகின்றன. அவர்தம் புதினங்களின் அறிவுரைத்தன்மை கலைக்குறையாக இருப்பினும், ஆசிரியரற்ற வாசகனை எண்ணி எழுதியதன் விளைவாகவும் அதனைக் காணுதல் வேண்டும். எழுத்தறிவும் ஓய்வும் அற்றோரை இத்திட்டம் சென்றடையவில்லை என்பது அதன் எல்லை.

தற்கல்வியால் உயர்ந்தோர் வரலாற்றை இளைஞர்க்குச் சொல்லும்போது, அவர் எவ்வளவு உழைத்தார் என்பதோடு எவ்வாயில் திறந்திருந்தது, யார் ஐயம் தீர்த்தார், எவர் உணவளித்தார் என்பனவும் சேர்த்துச் சொல்லப்படுதல் வேண்டும். அப்போதுதான் அவ்வரலாறு படிப்பை விட்டவர்மீது பழியாக விழாமல், அவர்களுக்கு இன்னும் திறக்கப்படாத வாயில்கள் எவை என்னும் கேள்வியை எழுப்பும். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோல், காலணி ஆலைகளின் வேலைநேரம் முடிந்தபின் தேர்வுக்குப் படிப்போர்க்குத் திறந்திருக்கும் நூலகமும், அணுகத்தக்க ஓர் ஆசிரியரும் உண்டா என்று ஊர்தோறும் ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.